நாலாம் கட்டைத் தண்ணீர்

இராக்கம்மா மோட்டர்ஸ்,
பசறை வீதி, பதுளை.
06.02.2025

உராய்வு, தேய்வு ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் கலாநிதி தயானி கனகசுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். போன் எடுத்தேன். உங்கள் ஒபிஸ் பிள்ளை "லெட்டர்ல கேளுங்க" என்று வைத்துவிட்டது. எனக்கும் அதுதான் வசதி. போனில் சொன்னதை மறுநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று விடலாம். எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தக் கதை நடக்காது. ஆகவே உங்களுக்கும் எனக்கும் நடப்பது எல்லாம் கடிதத்திலேயே நடக்கட்டும்.

என்னைப் பற்றி நாலு வரி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுப் பதுளை பஸ் நிலையத்து ஓரத்தில் சாக்கு விரித்துப் பழைய போல்ட், நட்டு விற்றேன். இன்றைக்கு ஊவா மலையில் ஏறி இறங்கும் பஸ், லொறிகளில் முக்கால்வாசிக்கு என் கடையில்தான் பிரேக் வேலை. கடை புருஷன் பேரில் இல்லை, மகன் பேரில் இல்லை, என் பேரில் இருக்கிறது. டிரைவர்மார் "ராக்கம்மாக்கா கடை" என்பார்கள். அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து.

பொங்கல் கழிந்த வாரம் மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கிய பஸ் ஒன்றுக்குப் பிரேக் இல்லாமல் போயிற்று. டிரைவர் பர்ஹான் பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப்பக்கம் தேயிலை மேட்டில் இடித்து நிறுத்தினான். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கை கால் முறிந்தவர்கள் நிறையப் பேர். ஒரு கிழவி இன்னும் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. பர்ஹானைப் பொலிஸ் பிடித்து மறியல் சிறையில் போட்டிருக்கிறது.

பஸ் முதலாளி ரஜீவ் முதலில் "டிரைவர் கண்மண் தெரியாம ஓட்டினான்" என்றார். வாகனப் பரிசோதகர் பார்த்துவிட்டுப் பிரேக்கில் பிழை என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது பசார் முழுக்க "இராக்கம்மா போட்ட போலி லைனிங்" என்று கதை.

லைனிங் உங்களுக்குத் தெரியாததல்ல. பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற துண்டு அது. அந்த பஸ்ஸின் லைனிங்கில் ஒரு துண்டும், பிளந்துபோன டிரம்மில் ஒரு துண்டும் என் வக்கீல் கோர்ட்டில் அனுமதி கேட்டு வாங்கினார். சாக்கில் சுற்றி கண்டி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன்.

பிரேக்கை நான் எப்படி மதிக்கிறவள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மடுல்சீமை ரோட்டில் நாலாம் கட்டை, நாலாவது மைல் கல் வளைவில் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் என் செலவில் சீமெந்துத் தொட்டி கட்டி, ஹோஸ் பைப்பும் போட்டுக் கொடுத்தேன். இறங்கி வருகிற பஸ் எல்லாம் அங்கே நிற்கும். கொண்டக்டர் இறங்கிச் சுட்டுக் கிடக்கிற டிரம்மில் தண்ணீர் அடிப்பான். சோறு வடிக்கிற மாதிரி ஆவி எழும்பும். மேலே பலகையில் "இராக்கம்மா மோட்டர்ஸ் – உங்கள் பிரேக்குக்குக் குளிர்ச்சி" என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு எந்தக் கடைக்காரன் இதைச் செய்வான்?

எனக்குத் தேவை ஒரே வரி. "லைனிங்கில் குறையில்லை." கீழே உங்கள் சீல். பார்த்துச் செய்யுங்கள்.

இராக்கம்மா

---

ஆய்வுகூடம், கண்டி.
21.02.2025

மதிப்புக்குரிய திருமதி இராக்கம்மா அவர்களுக்கு,

சாக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். லைனிங் போலியல்ல. நல்ல சரக்கு.

அதை அரைத்து, உள்ளே என்னென்ன மூலகங்கள் இருக்கின்றன என்று பார்த்தோம். செம்பு, பேரியம், அந்திமனி, காபன், கொஞ்சம் நாகம், அதாவது துத்தநாகம். பயப்பட வேண்டாம், எல்லாம் உங்களுக்குப் பழகிய ஆட்கள்தான். பேரியம், வயிற்றை எக்ஸ்ரே எடுக்கமுன் ஆஸ்பத்திரியில் குடிக்கத் தருகிற வெள்ளைக் கரைசலில் இருக்கிறது. அந்திமனியைத் தீக்குச்சி மருந்தில் சேர்ப்பார்கள். பென்சிலில் எழுதுகிற கரி காபன். லயத்துக் கூரைத் தகரத்தில் பூசியிருப்பது நாகம். லைனிங்கில் செம்பு சூட்டை வெளியே கடத்தும், கரி இறுகிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கறிக்குத் தூள் போடுவது போலத்தான், அளவு பிசகினால் கெட்டுப்போகும். இதில் பிசகவில்லை.

டிரம் வேறு கதை சொல்கிறது.

அது வார்ப்பிரும்பு. இரும்புக்குள் காபன் கலந்தது. உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் அங்கங்கே நீலம் பாரித்த வட்டங்கள். வட்டங்களின் நடுவிலிருந்து மயிரிழை போல வெடிப்புகள். வைர முனையால் அழுத்திப் பார்த்தோம். அந்த வட்டங்கள் மட்டும் பக்கத்து இரும்பைவிடப் பல மடங்கு கடினமாகிக் கிடக்கின்றன.

தோட்டத்துக் கொல்லன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி ஏன் தண்ணீரில் அமிழ்த்துகிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். திடீரென்று குளிர்ந்தால் இரும்புக்குள் இருக்கிற காபன் விலக நேரமில்லாமல் அகப்பட்டுக்கொள்ளும். அதனால்தான் அலகு கடினமாகிறது, கூர் நிற்கிறது. கத்திக்கு அது வேண்டும். டிரம்முக்கு அது ஆகாது. கடினமான இடம் வளைந்து கொடுக்காது, வெடிக்கும். இந்த டிரம் வெடித்து வெடித்துக் கடைசியில் பிளந்திருக்கிறது. பிளந்ததும், லைனிங்கைத் தள்ளுகிற பிஸ்டன் அளவுக்கு மேல் வெளியே தள்ளுப்பட்டு பிரேக் ஒயில் கொட்டிப்போய், பெடல் அடிவரை இறங்கியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் தொட்டியைப் பற்றி எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். வேறு விதமாக எழுத எனக்கு வழி தெரியவில்லை. அந்தத் தொட்டிதான் டிரம்மைக் கத்தியாக்கி இருக்கிறது.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் லைனிங், இரண்டாம் பக்கத்தில் டிரம். சீல் வைக்கமுன் உங்களுக்குத் தெரிவிப்பது முறை என்று நினைத்தேன்.

தயானி கனகசுந்தரம்

---

பதுளை.
01.03.2025

கலாநிதி அம்மாவுக்கு,

முதல் பக்கத்தைச் சீல் வைத்து அனுப்புங்கள். இரண்டாம் பக்கத்தை நான் கேட்கவில்லை.

மூட்டைக்குள் டிரம் துண்டைப் போட்டது கணக்குக்காகத்தான். வக்கீல் "ரெண்டையும் அனுப்புங்க, அப்பதான் ஒழுங்கா இருக்கும்" என்றார், அனுப்பினேன். ஜோசியக்காரனிடம் போய் மகள் கல்யாணத்தைக் கேட்டால் அவன் நம் சாவைச் சொன்ன மாதிரி இருக்கிறது உங்கள் வேலை.

மலைப் பாதையில் டிரம்முக்குத் தண்ணீர் அடிப்பது நான் கண்டுபிடித்ததா? நான் பிறக்கமுன்னமே மலையில் வழிகிற பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினார்கள். நான் ஒரு ஹோஸைப் போட்டேன், அவ்வளவுதான். தொட்டி கட்டி இத்தனை காலமாக ஒரு டிரைவர்கூட வந்து "அக்கா, இதால பழுது" என்று சொன்னதில்லை. நீங்கள் ஒரு துண்டு இரும்பை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். ஒரு தடவையாவது மடுல்சீமை பஸ்ஸில் மழையில் இறங்கி இருக்கிறீர்களா?

நேற்று வெள்ளிக்கிழமை. கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். கையில் உங்கள் கடிதம். அந்த நேரம் பார்த்து ஷஹீலா வந்தாள். மறியலில் இருக்கிற பர்ஹானின் பெண்டாட்டி. வாசலிலேயே நின்று கத்தினாள்.

"எங்கட மனுசன் மறியல்ல கெடக்கிறார், நீங்க இங்க சாமிக்குப் பொக காட்டுறீங்களா? ஒங்கட லைனிங்காலதானே இந்தக் கதி!"

"ஏய், என் லைனிங்க குறை சொல்லாத. பஸ்ஸ ஓட்டினது ஒன் புருஷன்."

"அவர் ஓட்டினதாலதான் எல்லாரும் உசிரோட இருக்காங்க. வேற ஆளா இருந்தா பள்ளத்துல எலும்பப் பொறுக்கி இருப்பீங்க. அவர் மலையில இடிச்சாரு. ஒங்களுக்கு அது வெளங்குதா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்தார்கள். நான் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.  

அவள் சொன்னதுக்கும் உங்கள் இரண்டாம் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் பேரைப் பார்த்தால் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று தெரிகிறது. பதுளைக் கச்சேரியில், அந்த அரசாங்க ஒபிசில், உங்கள் ஆட்கள் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு, எங்கப்பாவை "எழுத்தில கொண்டு வா" என்று வராந்தாவில் நிற்க வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேசை மாறவில்லை. நான்தான் வராந்தாவில் நிற்கிறதில்லை இப்போது.

முதல் பக்கம் மட்டும்.

இராக்கம்மா

---

கண்டி.
12.03.2025

திருமதி இராக்கம்மா அவர்களுக்கு,

தேவையான தாளை மட்டும் கிழித்துத் தர அறிக்கை ஒன்றும் சுவர்க் கலண்டர் அல்ல. இரண்டு பக்கமும் சேர்ந்து வரும், அல்லது ஒன்றும் வராது. சாக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்.

என் அப்பா பதுளைக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர்தான். அவர் யாரை வராந்தாவில் நிற்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நிற்க வைத்திருக்கமாட்டார் என்று சத்தியம் செய்யவும் நான் தயாரில்லை. அவர் இப்போது இல்லை, உங்கள் குத்தலுக்கு அவரால் பதில் எழுத ஏலாது. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் பிழை. எங்கள் ஒபிஸ் பிள்ளை லெட்டர் கேட்டிருக்கலாம். எல்லாம் எழுத்திலேயே நடக்கட்டும் என்றது நீங்கள்தான். இப்போது எழுத்து பிடிக்கவில்லை என்கிறீர்கள்.

நீங்கள் ஊசியால் குத்தியதாகச் சொன்னதற்காக இன்னொரு வேலையும் செய்தோம். அதே சாதிப் புது டிரம் ஒன்றை வாங்கி, இரண்டாக வெட்டி, மலை இறங்கும் பஸ்ஸில் ஏறுகிற அளவு சூடாக்கினோம். பாதிக்குத் தண்ணீர் ஊற்றினோம், பாதியைக் காற்றில் விட்டோம். திரும்பத் திரும்ப. தண்ணீர் பட்ட பாதி ஒரு கிழமைக்குள் வெடிக்கத் தொடங்கிவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். மற்றப் பாதி நிறம் மாறியிருக்கிறது. வெடிக்கவில்லை.

மடுல்சீமை பஸ்ஸில் இறங்கி இருக்கிறேனா என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு முறை, சினேகிதியின் வீட்டுக்கு. வயிற்றைப் பிரட்டி வழியெல்லாம் சத்தி எடுத்தேன். அதைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.

ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஊற்றியது பாதிக் காரணம். மற்றப் பாதி, டிரம் ஏன் அவ்வளவு சூடேறியது என்பது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்குப் பெரிய வேலை இராது, தண்ணீரும் தேவைப்படாது. உங்கள் டிரைவர்மார் எந்தக் கியரில் இறங்குகிறார்கள்? ஏன்?

இதற்குப் பதில் எழுத உங்களுக்கு மனமில்லாவிட்டால் பரவாயில்லை.

தயானி

---

பதுளை.
27.03.2025

தயானி மிஸ்ஸுக்கு,

படத்தைப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்புத்தான். நான் இரும்பு விற்கிறவள், அதைப் பார்த்தும் இல்லை என்று சொன்னால் என் கண்ணைத்தான் விற்க வேண்டும்.

ஆனால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் சொன்னதற்காக நான் மனம் மாறவில்லை. ரஜீவ் முதலாளி சொன்னதற்காக மாறினேன்.

போன கிழமை ரஜீவ் தானே காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எப்போதும் ஆளைத்தான் அனுப்புவார். உங்கள் ஆய்வுகூடத்துக்கு நான் மூட்டை அனுப்பிய செய்தி அவருக்கு எட்டிவிட்டது. வந்தவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து டீ கேட்டார்.

"அக்கா, ஒங்க லைனிங் நல்லதுன்னு பேப்பர் வருமாமே?"

"வரும்."

"நல்லது. நான் ஒங்க பேர இனி எடுக்க மாட்டேன். பசார்லயும் நானே சொல்லிடுறேன், லைனிங் சுத்தம்னு. அந்த ஒரு பக்கம் போதும். டிரம், தண்ணி எல்லாம் எதுக்கு? ஒங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

"அப்ப பஸ் ஏன் மோதிச்சு?"

"டிரைவர் அசட்டை. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ உள்ள இருந்துட்டு வருவான். குடும்பத்துக்கு நான் அரிசி சாமான் அனுப்புறேன்."

"பர்ஹான் ஒங்ககிட்ட எத்தன வருஷமா ஓட்டுறான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? நாலு பஸ்ஸுக்கும் ஒங்க கடைதானே. இனியும் ஒங்க கடைதான்."

மிஸ், நான் ஆதாயம் பார்க்கிறவள். அது எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தைத்தான் அவர் வாயால் எனக்கு வாசிக்கிறார் என்று பட்டது. "முதல் பக்கம் மட்டும்." அதே சொல். அவரும் நானும் ஒரே தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறோம், அந்தப் பக்கத்துத் தட்டில் பர்ஹான் இருக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. டீயைக் குடிச்சிட்டுப் போங்க என்றேன். அவர் குடிக்காமல் போனார்.

மறுநாள் மடுல்சீமை பஸ்ஸில் ஏறி நாலாம் கட்டையில் இறங்கினேன். கூட ஒரு குறடு. ஹோஸைக் கழற்றினேன், பைப்பை அடைத்தேன். கழற்றி முடிக்கமுன் மூன்று பஸ் வந்து நின்றுவிட்டது. டிரைவர்மார் இறங்கிச் சண்டைக்கு வந்தார்கள்.

"என்னாக்கா, தண்ணிய அடைச்சா நாங்க எப்படி எறங்குறது?"

"ரெண்டாவது கியர்ல எறங்கு."

"ரெண்டாவதுல எறங்கினா பசறைக்கு லேட்டு. பின்னால வர்ற பஸ் ஆள ஏத்திட்டுப் போயிருவான். லேட்டுக்கு முதலாளி சம்பளத்துல வெட்டுவார். நீங்க குடுப்பீங்களா?"

"டைம் யாரு போட்டது?"

"ரஜீவ் முதலாளியும் மத்தவங்களும் சேர்ந்துதான். மலையில ஏறுறதுக்கு ஒரு டைம், எறங்குறதுக்கு அதுல பாதி."

இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். நாலாவது கியரில் இறங்குகிறார்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே. டிரம் பழுக்கிறது. தண்ணீர் இருக்கிற தைரியத்தில் இன்னும் மிதிக்கிறார்கள். தண்ணீர் வைத்தது நான். சூடாக்கியது அவர் போட்ட டைம். நடுவில் பர்ஹான்.

இரண்டு பக்கமும் சீல் வைத்து அனுப்புங்கள். மூன்றாவதாக ஒரு பக்கம் டைமைப் பற்றியும் எழுதுங்கள். பலகையைக் கழற்றவில்லை. கழற்றினால் ஒளிக்கிறேன் என்பார்கள். அப்படியே கிடக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

இராக்கம்மா

---

கண்டி.
10.04.2025

இராக்கம்மா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

மூன்றாம் பக்கம் நான் எழுத மாட்டேன். கோபிக்க வேண்டாம். நேர அட்டவணை இரும்பில் பதிவதில்லை. நான் பார்க்காததை எழுதினால், பார்த்ததையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த டிரைவர்மார்தான். உங்களிடம் சண்டை பிடித்த வாயால் கோர்ட்டிலும் பேசுவார்களா என்று கேளுங்கள்.

ஆனால் இரும்பு ஒன்றைச் சொல்கிறது, அதை இரண்டாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். டிரம்மை வெட்டிப் பார்த்தபோது வெடிப்புகளுக்குள் பழைய துரு இருந்தது. சில இடத்தில் துருவுக்கு மேல் துரு. அதாவது இது ஒரே நாளில் வந்ததல்ல. மாதக்கணக்காக, சூடும் தண்ணீரும் மாறி மாறி வந்து உண்டானது. ஒரு டிரைவர் ஒரு நாள் கண்மண் தெரியாமல் ஓட்டியதால் இப்படி ஒரு டிரம் உருவாகாது. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

சொல்வேன் என்று எழுதிவிட்டேன். அது அவ்வளவு லேசாக இல்லை. எங்கள் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். "அறிக்கையைத் தபாலில் அனுப்பிவிட்டு இருங்கள். கோர்ட்டுக்குப் போனால் வக்கீல்மார் உங்களைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள்" என்றார். தேய்வுதானே சேர் எங்களுடைய துறை என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு சபையில் எழுந்து நின்று பேசச் சொன்னாலே வேறு ஆளைக் காட்டிவிடுகிறவள் நான்.

உங்கள் வக்கீலிடம் சொல்லி எனக்கு அழைப்பாணை அனுப்பச் செய்யுங்கள். நானாக வந்தால் விடுமுறை கேட்க வேண்டும், அது மறுக்கப்படலாம். நீதவான் கூப்பிட்டால் ஒருவரும் மறுக்க ஏலாது. வியாபாரிகள் மட்டும்தான் வழி கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டியின் படமும் பலகையின் படமும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும். உங்கள் பேர் பெரிய எழுத்தில் தெரிகிறது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

தயானி

---

பதுளை.
19.07.2025

தயானிக்கு,

அக்கா என்று எழுதியவளுக்கு மிஸ் போட்டு எழுத முடியாது. ஆகவே வெறும் தயானி.

பர்ஹான் வழக்கில் கோர்ட்டில் உன்னைக் கூப்பிட்டபோது நீ வேறு ஆளைக் காட்டவில்லை, நீயே எழுந்து நின்று பேசினாய். நான் பார்த்தேன். ரஜீவின் வக்கீல் "இது வெறும் புத்தகக் கதை" என்றபோது, மேசையில் இருந்த டிரம் துண்டை நீ எடுத்து அவர் கையில் கொடுத்து, "வெடிப்பில நகத்த வச்சுப் பாருங்கோ" என்றாயே, அந்த இடத்தில் நான் விசில் அடித்திருப்பேன். பக்கத்தில் பொலிஸ்காரர் நின்றார்.

நீ ரயிலுக்குப் போனபிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அதை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், நானே எழுதுகிறேன். அந்த வக்கீல் பலகைப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உங்கள் பிரேக்குக்குக் குளிர்ச்சி. இது யாருடைய விளம்பரம் அம்மா?"

"என்னுதுங்க."

"ஆக, இந்த விபத்துக்குக் காரணமான தண்ணீரை விளம்பரம் போட்டுக் கொடுத்தது நீங்கள்."

"ஆமாங்க. தொட்டி என்னுது. பலகை என்னுது. தெரியாம செஞ்சேன், ஆனா செஞ்சது நான்தான். டைம் யாருதுங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு சண்டை போட்ட டிரைவர்மாரில் இரண்டு பேர் ஏறி டைமைப் பற்றிச் சொன்னார்கள். மற்றவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவன் பிள்ளைகளை நினைத்திருப்பான், நான் ஏசவில்லை.

போன கிழமை பர்ஹானை விடுவித்துவிட்டார்கள். முதலாளிமேல் வழக்குப் போடச் சொல்லி நீதவான் பொலிசுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். ஷஹீலா கடைக்கு வந்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "தொட்டி ஒங்கடதான்னு கோட்ல சொன்னீங்களாமே" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.  பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் இந்தக் கடையில் உட்கார்ந்தது அன்றுதான்.

எனக்கும் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது, இடுப்பு முறிந்த கிழவியின் வீட்டார் அனுப்பியது. வரட்டும். அது நியாயமான நோட்டீஸ். அதற்கு நான் நேரே போய்ப் பதில் சொல்வேன், ஒளிய மாட்டேன்.

பஸ் முதலாளிமார் சங்கம் கூடி, இனி ஒரு பஸ்ஸும் இராக்கம்மா கடை வாசலில் நிற்கக் கூடாது என்று முடிவு எடுத்திருக்கிறது. வியாபாரம் பாதி படுத்துவிட்டது. பரவாயில்லை என்று உனக்கு எழுதினால் அது பொய். காலையில் கதவைத் திறக்கும்போது வாசல் வெறுமையாகக் கிடக்கிறது. ஆனால் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை. "மன்னிப்புக் கேளுங்க, சங்கத்துல பேசித் தீர்த்துடலாம்" என்று ஆள் விட்டார்கள். மன்னிப்பை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கிழவியிடம் கேட்டுவிட்டேன், இவர்களுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சங்கத்தில் சேராத முதலாளி ஒருவர் இருக்கிறார், ஹாஷிம். ஒரே ஒரு பஸ். பர்ஹானைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். நேற்று அந்த பஸ்ஸில் மடுல்சீமை போய்த் திரும்பி வந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்றுதான் போனேன்.

இறங்கும்போது பர்ஹான் ரெண்டாவது கியரைப் போட்டான், மாற்றவே இல்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. பஸ் முழுக்கச் சனம். கொஞ்ச தூரம் பொறுத்தார்கள், பிறகு ஆரம்பித்தார்கள்.

"என்னா தம்பி, பஸ்ஸா, பொண ஊர்வலமா?"

"எறங்கி நடந்திருந்தா இந்நேரம் பசறையில டீ குடிச்சிருப்பேன்."

"பின்னால வந்தவன் ரெண்டு பேரு முந்திட்டான், பாத்தீங்களா?"

பர்ஹான் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்று சொன்னேன். "முந்தினவன் பஸ்ஸுல ஏறுறவங்க ஏறுங்க. இதுல இருக்கிறவங்க இப்படித்தான் போவாங்க." ஒருத்தரும் இறங்கவில்லை. முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை. நம் சனம் உயிரோடு இருந்தால் முணுமுணுக்கத்தான் செய்யும்.

பசறையில் நின்றதும் நான் முதலில் இறங்கி, பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து, உள்ளே கையை விட்டு டிரம்மில் வைத்தேன். பர்ஹான் "அக்கா, சுடும்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். சுட்டது. சுடச்சுட டீ ஊற்றிய கோப்பை மாதிரி. ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத டிரம், தயானி. நீ ஊசியால் பார்த்ததை நான் உள்ளங்கையால் பார்த்தேன்.

அதற்குள் டைம்கீப்பர் முன்ஸிப் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டான். சங்கத்து ஆள், ஆனால் சங்கத்தில் சேராத பஸ்ஸுக்கும் வந்த நேரத்தை எழுதுவது அவன்தான்.

"லேட்டு! நல்லாவே லேட்டு! டிரைவர் பேர் என்னா? ரிப்போட் எழுதணும்."

பர்ஹான் வாயைத் திறந்தான். அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு நான் முன்னால் போய் நின்றேன்.

"டிரைவர் பேர் எதுக்கு? லேட்டாக்கினது நான். எழுதிக்க. இராக்கம்மா. இராக்கம்மா மோட்டர்ஸ், பசறை வீதி, பதுளை."

"ஒங்க பேர எப்படிங்க அக்கா இதுல எழுதுறது?"

"பெருசா எழுது. நாளைக்கும் இதே பஸ் இதே நேரத்துக்குத்தான் வரும், நாளைக்கும் இதே பேருதான். பேனாவுல மை இருக்கான்னு பாத்துக்க."

அவன் எழுதுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

இராக்கம்மா